சோரோ சோக்கே: உரக்கப் பேசு



பொதுக்காலம் 30ஆம் ஞாயிறுக்கான நற்செய்தியை இன்று வாசிக்கக் கேட்டோம். ஆண்டவர் எரிக்கோ நகரைவிட்டுப் புறப்படுகிறார். சீடர்கள் உடன் போகிறார்கள், பெருங்கூட்டமும் போகிறது. பார்வையற்ற பார்த்திமேயு வழியோரத்தில் உட்கார்ந்து பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். போகிறவர் நாசரேத்து இயேசு என்று காதில் விழுந்ததும் அவர் கத்தத் தொடங்குகிறார். உடனே கூட்டத்தில் பலர் அவரை அதட்டுகிறார்கள். வாயை மூடு என்கிறார்கள். அவரோ முன்னைவிட உரக்கக் கத்துகிறார்.

இந்தப் பகுதிக்கான மறையுரைகள் பெரும்பாலும் பார்த்திமேயுவின் நம்பிக்கையைப் பற்றியே இருக்கும். இன்று நாம் அவரைச் சுற்றி நின்ற கூட்டத்தைக் கொஞ்சம் கவனிப்போம். அதற்குத் துணையாக, மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டுத் தெருக்களில் புழங்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘சோரோ சோக்கே’ என்பது அந்தச் சொல். யோருபா மொழிச் சொல். ‘சத்தமாகப் பேசு’ என்று பொருள்.

யோருபா மொழியை நைஜீரியாவின் தென்மேற்கிலும் பக்கத்து நாடான பெனினிலும் பல கோடி மக்கள் பேசுகிறார்கள். அடிமை வணிகக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் போன மொழி அது. லாகோஸ் மாநகரம் யோருபா மண்ணில்தான் இருக்கிறது. நாட்டின் எல்லா இனத்தாரும் பிழைப்புத் தேடி வந்து சேரும் ஊர் என்பதால், அங்கே தெருப் பேச்சு ஒரு கதம்பம். ‘பிட்ஜின்’ எனப்படும் கலப்பு ஆங்கிலத்தில் யோருபாச் சொற்களைத் தூவிப் பேசுவார்கள். வடக்கிலிருந்து வந்த ஹௌசாக்காரரும் கிழக்கிலிருந்து வந்த இக்போக்காரரும் அந்தச் சொற்களைத் தம் சொந்தச் சொற்கள் போலவே பேசுவார்கள்.

லாகோஸ் நகரின் மஞ்சள் நிறச் சிற்றுந்துகளுக்கு ‘டான்ஃபோ’ என்று பெயர். நடத்துநர் கதவில் தொங்கிக்கொண்டு, சில்லறையோடு ஏறுங்கள் என்று கத்துவார். இதைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். இறங்க வேண்டியவர், இறங்க ஆள் இருக்கிறது என்று உள்ளிருந்து குரல் கொடுக்க வேண்டும். முனகினால் வண்டி நிற்காது, இறங்க வேண்டிய இடம் போய்விடும். இரைச்சல் மிகுந்த இப்படிப்பட்ட ஊரில் ‘சோரோ சோக்கே’ என்பது அன்றாடம் தேவைப்படும் சொல். தொலைபேசியில் குரல் சரியாகக் கேட்காதபோது சொல்வார்கள். வகுப்பில் வாய்க்குள்ளேயே பதில் சொல்லும் பிள்ளையிடம் ஆசிரியர் சொல்வார். இந்த வானொலி நிலையத்தில் நாம் பேசும்போதும் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் ஒலிப்பதிவாளர் அவ்வப்போது கையை மேலே உயர்த்திக் காட்டுவது உண்டு. அதுவும் ‘சோரோ சோக்கே’தான்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘சோ’ என்றால் சொல்லுதல். நம் தமிழ்ச் ‘சொல்’லை அது நினைவூட்டுவது தற்செயல்தான், அதை வைத்துக்கொண்டு யாரும் ஆராய்ச்சிக்குக் கிளம்பிவிட வேண்டாம். ‘ஓரோ’ என்றால் வார்த்தை. இரண்டும் ஒட்டி ‘சோரோ’, அதாவது பேசு. ‘ஓக்கே’ என்றால் மேடு, மலை, உயரம். ‘சோக்கே’ என்றால் உயரத்தை நோக்கி. ஆக, வார்த்தையை மேலே ஏற்று என்று அந்த மொழி சொல்கிறது.

அந்த ‘ஓரோ’வை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. தொடக்கத்தில் கடவுளோடு இருந்த வாக்கைப் பற்றி யோவான் நற்செய்தி பேசுகிறதல்லவா, அந்த ‘வாக்கு’ யோருபா விவிலியத்தில் ‘ஓரோ’ என்றே இருக்கிறது. அந்த விவிலியம் உருவாகப் பெரிதும் உழைத்தவர் சாமுவேல் அஜயி கிரவுத்தர். நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், ஆங்கிலிக்கன் ஆயர். 1821ஆம் ஆண்டில், ஏறக்குறைய 12 வயதில், தம் ஊரிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட சிறுவர் அவர். போர்த்துக்கீசியக் கப்பலில் கடல் கடந்து போக இருந்தவரை 1822இல் பிரித்தானியக் கடற்படைக் கப்பல் மீட்டு, சியரா லியோனில் இறக்கிவிட்டது. அங்கே படித்தார், திருமுழுக்குப் பெற்றார். 1843இல் யோருபாச் சொற்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1864இல் ஆயரானார். முழு யோருபா விவிலியம் 1884இல் வெளிவந்தது. வாயைக் கட்டிக் கப்பலில் ஏற்றிய ஒரு பிள்ளையின் வாயிலிருந்து அவர் மக்களின் மொழியில் விவிலியம் வந்தது. அந்த மனிதரையே முதுமையில் சில இளம் ஐரோப்பிய மறைப்பணியாளர்கள் ஒதுக்கி வைத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேசத் தெரிந்தவர்களைப் பேசாதே என்று சொல்வதற்கு எங்கும் ஆள் குறைவில்லை.

லாகோஸ் கத்தோலிக்கர்களின் கதையும் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. பிரேசிலில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றுத் திரும்பிய யோருபா மக்கள்தாம் அந்த ஊருக்கு நம் மறையைக் கொண்டுவந்தார்கள். 1860களில் மறைப்பணியாளர்கள் வந்து சேருவதற்கு முன்பே, ‘பாத்ரே அந்தோனியோ’ என்று மக்கள் அழைத்த, விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அவர்களைக் கூட்டி வைத்துச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரு அல்லர். நம் கிராமங்களில் குரு இல்லாத காலத்தில் உபதேசியார் எப்படி நம்பிக்கையைக் காத்தாரோ, அப்படித்தான்.

இனி நம் சொல்லுக்குத் திரும்புவோம். யோருபா மக்களிடம் மரியாதை மிகுதி. பெரியவர்களைக் கண்டால் ஆண் பிள்ளைகள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவது அவர்களுடைய மரபு, பெண் பிள்ளைகள் மண்டியிடுவார்கள். நமக்கு ‘நீ’, ‘நீங்கள்’ என்று இரண்டு இருப்பதுபோல அவர்களுக்கும் இரண்டு உண்டு. வயதில் மூத்தவரிடம் பேசும்போது முன்னால் ஓர் ‘எ’ சேர்க்க வேண்டும். ‘எ சோரோ சோக்கே’ என்றால் ‘சத்தமாகப் பேசுங்கள்’. அந்த ‘எ’ இல்லாமல் வெறும் ‘சோரோ சோக்கே’ என்றால் ‘சத்தமாகப் பேசு’. நண்பனிடமும் தம்பியிடமும் சொல்லலாம். மாமாவிடமோ, ஊர்த் தலைவரிடமோ சொன்னால் முதுகில் அடி விழும். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்து வெறும் ‘சோரோ சோக்கே’ சொல்லத் துணிந்தார்கள் என்றால், அந்த வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று பொருள்.

2020 அக்டோபரில் அப்படி ஒன்று நடந்தது.

நைஜீரியக் காவல்துறையில் கொள்ளையர்களைப் பிடிக்க 1992இல் ஒரு சிறப்புப் படை அமைக்கப்பட்டது. ‘சார்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். காலம் போகப் போக அந்தப் படை மக்களுக்கு அச்சமாகிப்போனது. கையில் மடிக்கணினி வைத்திருக்கும் இளைஞன், தலைமுடியைச் சடை போட்டிருக்கும் இளைஞன், கொஞ்சம் நல்ல கார் ஓட்டிப் போகும் இளைஞன், இவர்களை வழிமறித்து, நீ மோசடிக்காரன் என்று சொல்லிப் பணம் பறிப்பார்கள். கொடுக்காவிட்டால் அடி, சித்திரவதை. சிலர் திரும்பி வரவே இல்லை. 2017 ஜனவரி முதல் 2020 மே வரை நடந்த குறைந்தது 82 கொடுமைகளை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு பதிவு செய்து வெளியிட்டது. பிள்ளை வீடு திரும்பும் வரை வாசலிலேயே கண் வைத்திருக்கும் தாய்மார்களைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த அக்டோபரில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப்பேர் 20 வயதுக்கு உட்பட்டவர்கள். போராட்டத்துக்கு ஒற்றைத் தலைவர் என்று ஒருவர் இல்லை. சாப்பாடு கொடுக்கவும், வழக்கறிஞர் வைக்கவும், காயம் பட்டவர்களுக்கு மருத்துவம் பார்க்கவும் பணம் திரட்டியவர்களில் முன்னணியில் நின்றது இளம்பெண்கள் நடத்திய ஓர் அமைப்பு. போராட்டம் முடிந்த இடத்தைத் தாங்களே பெருக்கிவிட்டுப் போனார்கள். அந்த நாள்களில் அட்டைகளிலும் சட்டைகளிலும் சுவர்களிலும் ‘சோரோ சோக்கே’ எழுதப்பட்டது. அந்தத் தலைமுறைக்கே ‘சோரோ சோக்கே தலைமுறை’ என்று பெயர் வந்துவிட்டது. ‘சோரோ சோக்கே’ என்ற தலைப்பிலேயே 2022இல் ஒரு புத்தகம்கூட வெளியானது.

நாம் கவனிக்க வேண்டியது, அந்தச் சொல் எந்தப் பக்கம் போனது என்பதை. இரண்டு பக்கமும் போனது. மழுப்பிப் பேசிய அதிகாரிகளைப் பார்த்து இளைஞர்கள் அப்படிச் சொன்னார்கள். அங்கே அது எதிர்ப்பு. ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிக்கொண்டு, தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியாமல் தடுமாறும் தோழனைப் பார்த்தும் சொன்னார்கள். அங்கே அது தோள் கொடுப்பது. ‘பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம், சொல்’ என்று பொருள். ஒரே சொல் ஒருவருக்குக் கண்டனமாகவும் இன்னொருவருக்கு ஊன்றுகோலாகவும் இருந்தது. நம் ஊர் அலுவலகங்களில் சன்னலுக்கு உள்ளே இருக்கிறவர் வெளியே நிற்கும் முதியவரிடம் ‘சத்தமாப் பேசு’ என்று சொல்வதும் உண்டு. வார்த்தை அதுவேதான். ஆனால் அது அந்த முதியவரின் குரலை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

அக்டோபர் 11ஆம் தேதி அந்தப் படை கலைக்கப்படும் என்று அறிவித்தார்கள். பெயரை மாற்றி மறுபடியும் கொண்டுவருவார்கள் என்ற சந்தேகத்தில் இளைஞர்கள் கலையவில்லை. அக்டோபர் 20ஆம் தேதி மாலை, லாகோஸ் நகரில் லெக்கி சுங்கச்சாவடியில், கொடியைப் பிடித்துக்கொண்டு நாட்டுப்பண் பாடியபடி உட்கார்ந்திருந்த கூட்டத்தின் மீது இராணுவத்தினர் சுட்டார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசும் மனித உரிமை அமைப்புகளும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அடுத்த நாள்களில் கடைகள் சூறையாடப்பட்டன, காவல் நிலையங்கள் எரிக்கப்பட்டன, காவலர்களும் கொல்லப்பட்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாயின் கண்ணீருக்குச் சீருடை தெரியாது.

உரக்கப் பேசுவதற்கும் கூச்சலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். இதற்கும் யோருபா மொழியிலேயே ஒரு விடை இருக்கிறது. அந்த மொழியில் ஒவ்வோர் அசையையும் உயர்ந்த, நடுத்தரமான, தாழ்ந்த தொனிகளில் ஒன்றில் சொல்ல வேண்டும். தொனி மாறினால் பொருளே மாறிவிடும். எழுத்தில் ‘ஓக்கோ’ என்று ஒரே மாதிரித் தெரியும் சொல், ஒரு தொனியில் கணவன், இன்னொன்றில் மண்வெட்டி, வேறொன்றில் வண்டி, மற்றொன்றில் ஈட்டி. அவர்களுடைய பேசும் முரசு இந்தத் தொனிகளை அப்படியே வாசித்துத்தான் சேதி சொல்லும். ஆத்திரத்தில் குரல் ஏறி இறங்கித் தாறுமாறானால், கணவனைக் கூப்பிடப் போய் ஈட்டியைக் கூப்பிட்ட கதையாகிவிடும். குரலை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம், தொனி மட்டும் குலையக் கூடாது. கோபத்தோடு நியாயம் கேட்கப் போகிற எவரும் அந்த மொழியின் பிள்ளைகளிடம் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

அந்தத் தெருச் சொல்லுக்கு ஒரு வாலும் உண்டு. ‘சோரோ சோக்கே வேரே’ என்று சேர்த்துச் சொல்வார்கள். ‘வேரே’ என்றால் பைத்தியம். உரக்கப் பேசுடா பைத்தியக்காரா, என்பது போல. வசைச் சொல்தான். நண்பர்கள் தங்களுக்குள் செல்லமாகவும் சொல்லிக்கொள்வார்கள், நம் பிள்ளைகள் ‘லூசு’ என்று கூப்பிட்டுக்கொள்வதுபோல. அதை நாம் வழிமொழியவில்லை. ஆனாலும் விவிலியத்தை வாசிக்கிற நமக்கு அந்த வால் ஒன்றை நினைவுபடுத்துகிறது. துணிந்து பேசியவர்களுக்கு உலகம் கொடுக்கும் முதல் பட்டம் அதுதான். ஆண்டவரையே அவருடைய உறவினர்கள் மதிமயங்கிவிட்டார் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போக வந்தார்கள் என்று மாற்கு 3ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். கைதியாக நின்று சாட்சி சொன்ன புனித பவுலைப் பார்த்து ஆளுநர் பெஸ்து, நீ மிகுதியாகப் படித்துப் படித்து உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற பொருளில் கத்துகிறார். திருத்தூதர் பணிகள் 26ஆம் அதிகாரத்தில் பாருங்கள். பவுல் பதிலுக்குக் கத்தவில்லை. மாண்புமிகு பெஸ்து அவர்களே என்று மரியாதையோடு தொடங்கி, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறார். ‘எ’ சேர்த்துத்தான் பேசுகிறார். விட்டுக்கொடுக்கவும் இல்லை.

பவுல் அரசரிடம் துணிவோடு பேசினார் என்று அங்கே சொல்லப்படுகிறது. அந்தத் துணிவுக்குக் கிரேக்கத்தில் ‘பாரேசியா’ என்று பெயர். குருமடத்தில் நாம் கிரேக்கம் படித்த நாள்களில் இந்தச் சொல்லைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் பேசிவிடுதல், எதையும் உள்ளே ஒளித்து வைக்காமல் பேசுதல். ஏதென்சு நகரக் குடிமக்களின் உரிமையைக் குறித்த சொல் அது. அடிமைக்கு அந்த உரிமை கிடையாது. திருத்தூதர் பணிகள் நூல் அதே சொல்லை எடுத்துப் பேதுருவுக்கும் யோவானுக்கும் கொடுக்கிறது. படிப்பறிவில்லாத மீனவர்கள் இப்படிப் பேசுகிறார்களே என்று தலைமைச் சங்கத்தார் வியக்கிறார்கள். மிரட்டி அனுப்புகிறார்கள். விடுதலையாகி வந்த இருவரும் தம் மக்களோடு கூடிச் செபிக்கிறார்கள். மிரட்டலை நீக்கும் ஆண்டவரே என்று அவர்கள் கேட்கவில்லை. உம் வார்த்தையைத் துணிவோடு பேசும் வரத்தைத் தாரும் என்றுதான் கேட்கிறார்கள். கூடியிருந்த இடமே அதிர்ந்தது என்று லூக்கா எழுதுகிறார். 2014 அக்டோபரில் ஆயர் மாமன்றத்தைத் தொடங்கி வைத்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் இந்த ‘பாரேசியா’வைத்தான் ஆயர்களிடம் கேட்டார். திருத்தந்தை என்ன நினைப்பாரோ என்று வார்த்தையை விழுங்காமல் பேசுங்கள், பணிவோடு செவிமடுங்கள் என்பது அவருடைய வேண்டுகோளின் சாரம். கர்தினால்மாருக்கே ஒருவர் ‘சோரோ சோக்கே’ சொல்ல வேண்டியிருக்கிறது.

நைஜீரியத் திருச்சபை இந்தத் துணிவுக்கு விலை கொடுத்திருக்கிறது. 2020 ஜனவரியில் கடூனா நகரத்து நல்லாயன் குருமடத்திலிருந்து நான்கு குருமட மாணவர்கள் கடத்தப்பட்டார்கள். மூவர் உயிரோடு விடுவிக்கப்பட்டார்கள். 18 வயது மைக்கேல் நாடி கொல்லப்பட்டார். தன்னைப் பிடித்து வைத்திருந்தவர்களிடமே மனம் திரும்புங்கள் என்று அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார் என்று, கடத்தியவர்களில் ஒருவனே பின்னர் செய்தியாளரிடம் சொன்னான். அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி ஆயர்களும் மக்களும் தலைநகர் அபுஜாவில் கறுப்பு உடை அணிந்து, கொலைகளைக் கண்டித்து ஊர்வலம் போனார்கள். ஆயர்கள் தெருவுக்கு வந்தது மார்ச்சில், இளைஞர்கள் வந்தது அக்டோபரில்.

யோருபா மண்ணில் ஓவோ என்றொரு ஊர். 2022 ஜூன் 5ஆம் தேதி, தூய ஆவியார் பெருவிழா. ஞாயிறு திருப்பலிக்கு வந்திருந்த மக்கள்மீது துப்பாக்கியோடும் வெடிகளோடும் வந்தவர்கள் தாக்குதல் நடத்தினார்கள். குறைந்தது 40 பேர் உயிரிழந்தார்கள், குழந்தைகளும் அவர்களில் உண்டு. அந்த ஆலயம் யாருடைய பெயரில் இருந்தது தெரியுமா? புனித பிரான்சிஸ் சவேரியார். நம் முத்துக்குளித்துறையில் மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் கற்றுக் கொடுத்த அதே சவேரியார். தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து, திருத்தமில்லாத உச்சரிப்போடு உரக்கச் சொன்னவர். திருத்தூதர்கள் பூட்டிய அறையைவிட்டு வெளியே வந்து உரக்கப் பேசிய நாளைக் கொண்டாடத்தான் அந்த மக்கள் ஓவோ ஆலயத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களை நம் செபங்களில் நினைவுகூர்வோம்.

இவ்வளவும் சொன்னபின், அங்கே இளைஞர்கள் வாயில் இப்போது இன்னொரு யோருபாச் சொல்லும் அதிகம் புழங்குகிறது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. ‘ஜாப்பா’. ஓடிவிடு, நாட்டைவிட்டுத் தப்பித்துப் போய்விடு என்று பொருள். செவிலியர்களும் மருத்துவர்களும் கணினிப் பொறியாளர்களும் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். போகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. பேசிப் பார்த்தும் யாரும் செவிமடுக்காத இடத்தில் கால்கள் தாமாகவே வாசலைத் தேடும்.

இப்போது எரிக்கோ சாலைக்கு வருவோம். கூட்டம் பார்த்திமேயுவை அதட்டியது என்றோம். அவர்கள் கெட்டவர்களா? இல்லை. இயேசுவோடு நடந்துபோனவர்கள், பக்தி உள்ளவர்கள். ஆண்டவருக்குத் தொந்தரவு ஏற்படக் கூடாது என்ற நல்ல எண்ணம் அவர்களுக்கு. இதுதான் நம்மை உறுத்த வேண்டும். ஆண்டவருக்கு மிக அருகில் நடக்கிறவர்களே ஓர் ஏழையின் வாயை அடைக்கிறார்கள்.

நம் பங்குகளிலும் இது நடக்கிறது. ஆலயக் கணக்கைப் பற்றி இளைஞன் ஒருவன் கேள்வி கேட்டால், தம்பி உட்காரு, பெரியவங்க பார்த்துக்குவாங்க என்கிறோம். பங்குப் பேரவையில் எழுந்து நிற்கும் பெண்ணிடம், சுருக்கமா சொல்லும்மா என்கிறோம். ஆண் எழுந்தால் அப்படிச் சொல்வதில்லை. கணவனிடம் அடி வாங்கியவர் அன்பியக் கூட்டத்தில் வாய் திறந்தால், வீட்டு விஷயத்தை வெளியே பேசாதே, செபம் பண்ணு என்கிறோம். செபம் பண்ண வேண்டும், மறுக்கவில்லை. செபத்தை வாய்ப்பூட்டாக மாட்டிவிடுவதுதான் பாவம்.

இன்னும் ஒன்றை வெளிப்படையாகவே பேச வேண்டும். குழந்தைகளுக்குத் திருச்சபைக்குள் இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகள் பல நாடுகளில் பல ஆண்டுகள் வெளியே வராமல் இருந்தன. பேசாதே, திருச்சபைக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று சொன்ன கூட்டம்தான் அதற்குக் காரணம். 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முண்டி’ என்ற பெயரில் ஒரு சட்டம் வெளியிட்டார். புகார் கொடுக்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் வழி இருக்க வேண்டும் என்றும், புகார் கொடுக்கிறவரிடம் இதைப் பற்றிப் பேசாதே என்று யாரும் கட்டளையிடக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஆகவே, பேசாதே என்று அதட்டுவது அங்கே திருச்சபைச் சட்டத்துக்கே எதிரானது. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் உள்ளே ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருப்பவர் யாராவது இருந்தால், குழந்தையாக இருந்தாலும், இப்போது வயதாகியிருந்தாலும், நீங்கள் சொல்லலாம். நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். மறைமாவட்டத்தில் சொல்லுங்கள், காவல்துறையிலும் சொல்லுங்கள். அதனால் திருச்சபைக்கு இழுக்கு வராது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஏதோ முணுமுணுத்தால், என்னடா வாய்க்குள்ள பேசுற என்று அதட்டாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கிறேன், சொல்லு என்று சொல்லுங்கள். லாகோஸ் இளைஞர்கள் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்களே, அந்தத் தொனியில்.

பார்த்திமேயு விடவில்லை. முன்னைவிட உரக்கக் கத்தினார். அப்போது ஆண்டவர் நின்றார். எருசலேமுக்கு, பாடுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர் ஒரு பிச்சைக்காரரின் சத்தத்துக்காக நின்றார். நின்றவர் தாமே நேராக அவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. கூட்டத்தைப் பார்த்து, அவரைக் கூப்பிடுங்கள் என்கிறார். வாயை மூடு என்று சொன்ன அதே வாய்களைக் கொண்டே கூப்பிட வைக்கிறார். அவர்களும் மாறுகிறார்கள். பயப்படாமல் எழுந்து வா, உன்னைக் கூப்பிடுகிறார் என்கிறார்கள். லாகோஸில் இதற்கு ‘ஓ யா’ என்பார்கள். நேரம் வந்துவிட்டது, கிளம்பு என்று பொருள். பேருந்தில் ஏறுகிறவருக்கும், தேர்வு எழுதப் போகிறவருக்கும், தயங்கி நிற்கும் எவருக்கும் ‘ஓ யா’தான்.

பார்த்திமேயு போர்வையை உதறிப் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்து வருகிறார். ஆண்டவர் அவரிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். விந்தையான கேள்வி. கண் தெரியாதவர் தடவித் தடவி வந்து நிற்கிறார், என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஆண்டவர் தாமாக முடிவு செய்துவிடவில்லை. அத்தனை பேர் நடுவில் அதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்க விரும்பினார். பார்த்திமேயு சொன்னார், மீண்டும் பார்வை வேண்டும் என்று. அந்த நேரத்தில் கூட்டம் ஏதாவது பேசியதாக மாற்கு எழுதவில்லை.